பதினொன்றுக்குப் பதினொன்று

ஜனவரி 19, திங்கள்

கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன்: இந்த நோட்டில் இன்று முதல் நான் எழுதப்போகும் கதையை நம்பக்கூடிய மனிதர் இனிமேல்தான் பிறக்கவேண்டும். பிறந்தாலும் பல் முளைத்து, பேச்சு வந்து, முதல் வார்த்தையாக ‘பொய்’ என்றுதான் சொல்வார். அதற்காக எழுதாமல் விட முடியுமா? சரித்திரம் காத்துக் கிடக்கிறது.

நான் சொரிமுத்து. வேம்படிக்குளம் பேருந்து நிலையத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் நேரக் காப்பாளர். என் விசில் சத்தம் கேட்டால் பொதிகை மலை மேகம்கூட ஓர் அடி பின்னால் எடுத்து நிற்கும். தனியார் வண்டி ஒன்று, அரசு வண்டி ஒன்று, மறுபடி தனியார் ஒன்று. இந்த வரிசை ஒரு நாளும் பிசகியதில்லை. ஓய்வு பெற்ற அன்று விசிலை வாங்கிக்கொண்டார்கள். நீதியை வாங்க மறந்துவிட்டார்கள். அது என்னிடமே இருக்கிறது.

அந்த நீதியை இப்போது ‘வேம்படிக்குளம் பேசுது’ என்ற முகநூல் குழுவில் செலுத்திவருகிறேன். உறுப்பினர் முப்பத்தோராயிரம் பேர். ஊர் ஜனத்தொகை முப்பதாயிரம்தான். மிச்சம் ஆயிரம் பேர் யார் என்று கேட்கக் கூடாது. குழுவைத் தொடங்கியவள், பேருந்து நிலையத்துக்கு எதிரே நகலகம் வைத்திருக்கும் ஜெபராணி. நிர்வாகக் கணக்கு ஒன்று, கடவுச்சொல் ஒன்று. அதை அவளும் நானும் மட்டுமே வைத்திருந்தோம், இன்று காலை பத்தரை மணி வரைக்கும்.

பிப்ரவரியில் நகராட்சித் தேர்தல். குடைக்கட்சிக்காரன் செம்புக்கட்சிக்காரனைத் திட்டுகிறான், அவன் இவனைத் திட்டுகிறான். என் முறை எளிமையானது. குடையில் ஒரு கருத்தை நீக்கினால் செம்பில் ஒன்றை நீக்குவேன். செம்பில் இரண்டு போனால் குடையில் இரண்டு. சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். இதைவிடப் பெரிய நடுநிலையை எமதர்மனும் காட்டியதில்லை.

பத்தரை மணிக்கு ஜெபா சொன்னாள்: “மாமா, தேர்தல் முடியித வரைக்கும் மூணாவது ஆள் ஒருத்தர் வேணும். உங்களுக்கும் வேலை ஜாஸ்தி. குற்றாலிங்கம் சாரைக் கேட்டேன், சரின்னுட்டாரு.”

குற்றாலிங்கம் என் சகலை. என் மனைவி பிரமுவின் தங்கை உலகம்மாளின் புருஷன். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். இருபத்தொன்பது வருடமாக மாமனார் வீட்டு விருந்தில் என் இலையில் விழும் முட்டையைவிட அவர் இலையில் விழும் முட்டை பெரிது. அதைக்கூட நான் பொருட்படுத்தியதில்லை. அளந்து பார்த்ததோடு விட்டுவிட்டேன்.

எனக்குப் பொறாமை கிடையாது. இதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

ஜனவரி 20, செவ்வாய்

குக்கர் ரப்பர் வாங்க வேண்டும் என்று பிரமு மூன்று தடவை சொன்னாள். மறந்தேன்.

நகலகத்துக்குப் போனால், சகலை கம்ப்யூட்டர் திரையின் இடது ஓரத்தில் ஒரு வெள்ளைக் காகிதப் பட்டையைப் பசைநாடாவால் ஒட்டிக்கொண்டிருக்கிறார். எழுதினவன் பேரும் படமும் வருகிற இடம் முழுக்க மறைந்துவிட்டது.

“என்ன சகல, டிவிப் பொட்டிக்குக் கோவணம் கட்டுதீரு?” என்றேன்.

“டம்மி நம்பர் அண்ணாச்சி,” என்றார், எழுந்து நின்று. அவருக்கு எல்லாரைக் கண்டாலும் எழுந்து நிற்கிற வியாதி. “விடைத்தாள் திருத்துத முகாம்ல பையனோட பரீட்சை நம்பர மறைச்சிட்டு வேற நம்பர் போட்டுத்தான் எங்க கையில தருவாங்க. யாருன்னு தெரிஞ்சிட்டா மார்க் கோணிரும்லா.”

“கருத்துக்குள்ளயே கட்சிப் பேரு வருமே, அதுக்கு என்ன ஒட்டுவீரு?”

“அதுக்கு மாத்திப் படிக்கணும். குடைன்னு இருக்க எடத்துல செம்பு, செம்புன்னு இருக்க எடத்துல குடை. ரெண்டு தரம் படிச்சும் தப்புன்னு பட்டா நீக்கலாம். ஒரு தரந்தான் கோவம் வருதுன்னா, கோளாறு எழுதுனவன்கிட்ட இல்ல, நம்மகிட்ட.”

ஜெபா அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! புது நகல் எந்திரம் வந்து இறங்கிய அன்றுகூட அவள் அப்படிப் பார்த்ததில்லை.

இது போதாதென்று ‘நீக்கல் பதிவேடு’ என்று ஒன்றைத் தொடங்கி, குழுவின் உச்சியில் எல்லாரும் பார்க்கும்படி குத்திவைத்துவிட்டார். எதை நீக்கினோம், எந்த விதிப்படி நீக்கினோம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு வரி. அடியில் ‘நெறியாளர்களுக்காக, குற்றாலிங்கம்.’

“நீங்க நீக்குததையும் இதுல எழுதிருங்க அண்ணாச்சி.”

“நான் முப்பத்து மூணு வருசம் பஸ்ஸ நிறுத்துனவன். எந்த டிரைவருக்கும் ஏன் நிறுத்துனேன்னு சீட்டு எழுதிக் குடுத்தது இல்ல,” என்றேன். கம்பீரமாகத்தான் சொன்னேன். பக்கத்தில் ஆதார் அட்டை நகல் எடுக்க வந்த கிழவர் ஒருவர் சிரித்துவிட்டார்.

ஜனவரி 22, வியாழன்

பதிவேட்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு விருப்பம். நான் போட்ட ‘இனிய காலை வணக்கம்’ பூப்படத்துக்கு இரண்டு. அதில் ஒன்று நான்.

ஜனவரி 23, வெள்ளி

குற்றாலிங்கத்தின் பெரியப்பா மகன் ஒன்பதாம் வார்டில் குடைக்கட்சி வேட்பாளர். அவன் எழுதிய ஒரு கருத்தைச் சகலையே நீக்கிவிட்டார். ‘எதிர் வேட்பாளரின் குடும்பப் பெண்களை இழுத்தது, விதி 4.’ பட்டைக்குப் பின்னால் தன் அண்ணன்தான் இருக்கிறான் என்று அவருக்குத் தெரியாதாம்! தெரிந்த பிறகும் திரும்பப் போடவில்லையாம்!

டீக்கடையில் இதே பேச்சு. “வாத்தியாருன்னா வாத்தியாருதாம்யா, சொந்தக்காரன்னு பாக்கலயே,” என்கிறான் ஒருவன். கடைக்காரர் சகலைக்கு ஒரு உளுந்த வடையைக் கூடுதலாக வைத்தார். என் டீயில் ஆடை மிதந்தது.

வீட்டுக்கு வந்து பிரமுவிடம் சொன்னேன்: “அண்ணனுக்கும் தம்பிக்கும் பத்து வருசமா வாய்க்கா வரப்புத் தகராறு. அந்தக் கோவத்துல நீக்கிருப்பாரு.”

“அப்பிடியா? பேரு மறைச்சிருந்துதுன்னு உலகு சொன்னாளே.”

“மறைச்ச மாதிரி காட்டுவாரு.”

“குக்கர் ரப்பர் எங்க?” என்றாள்.

உலகத்தில் யாருக்கும் நியாயத்தைப் பற்றிக் கவலையில்லை.

ஜனவரி 24, சனி

இன்று குருக்ஷேத்திரம். குடைக்கட்சி ஊர்வலத்தில் செம்பு ஒன்றை நசுக்கிக் காட்டினார்களாம். அந்தப் படத்துக்கு அடியில் குடைக்காரர்கள் ஆயிரம் பேர் வந்து இறங்கினார்கள். வாயா அது! அந்த எழுத்தைப் படித்தால் கூவம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடும். ஒற்றை ஆளாக நின்று பதினொரு கருத்தை நீக்கினேன். ஜெபா ஒரு கல்யாணப் பத்திரிகை வேலையில் இருந்தாள். சகலை, பேரனுக்குத் தடுப்பூசி என்று போய்விட்டார். பெரிய மனிதர்கள் போர்க்களத்தில் இப்படித்தான் காணாமல் போவார்கள்.

குடையில் பதினொன்று போயாயிற்று. செம்பில் பதினொன்று வேண்டுமே? தேடினேன். அநியாயம், செம்புக்காரர்கள் இன்று பார்த்து ஒழுக்கமாக இருந்தார்கள். உருப்படியான வசை மூன்றுதான் தேறியது. விடுவேனா? ‘குடைக்கு ஓட்டை விழும்’ என்றவன் நான்கு. ஒரு கெக்கலிப்புச் சிரிப்புப் படம் ஐந்து. ‘நாளை நமதே’ ஆறு. இப்படிப் பத்து வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். அதற்குள் அடுப்பில் குழம்பு கருகுகிற மாதிரி பிரமு போனில் கத்துகிறாள். பதினொன்றாவது, யாரோ வசந்தா என்று ஒரு பெண், ஒன்பதாம் வார்டு, குழாய்த் தண்ணீர் விவகாரம். வளவளவென்று இருந்தது. நடுவில் ‘குடை’ என்ற சொல் கண்ணில் பட்டது. ஒன்பதாம் வார்டு இப்போது குடைக்காரன் கையில் இருக்கிறது. அவனைக் குறை சொன்னால் செம்புதானே? தட்டினேன். பதினொன்றுக்குப் பதினொன்று.

நிம்மதியாகக் குக்கர் ரப்பர் வாங்கிக்கொண்டு வந்தேன். அளவு சரியில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

சகலை நேற்று நடந்த யுத்தத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அண்ணாச்சி, குடைப் பக்கம் பதினொண்ணு போனது சரி. செம்புல ‘நாளை நமதே’ன்னு எழுதுனவன் ஏன் போனான்னு கேட்டு மெசேஜ் அனுப்பிருக்கான். என்ன விதின்னு எழுத?”

“சமநிலை விதின்னு எழுதும்.”

“அப்பிடி ஒரு விதி இல்லயே.”

“இப்ப வந்திருக்கு.”

அவர் பேனா மூடியைக் கடித்தார். திட்டியிருந்தால் மன்னித்திருப்பேன். அந்த மூடியைக் கடித்த விதம் இருக்கிறதே, நூற்றுக்கு முப்பத்தைந்து மார்க் போட்டுக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

தேசத்தின் நன்மையைக் கருதி, ‘வாய்மை வளவன்’ என்ற ஒருவர் மதியம் மூன்று மணிக்குக் குழுவில் சேர்ந்தார். யார் என்று எனக்குத் தெரியாது. மிகுந்த ஞானமுள்ளவராகத் தெரிகிறார். சகலையைப் பற்றி நான்கு வரி எழுதியிருக்கிறார். அதில் ஒரு பல்லி உவமை வருகிறது. இரண்டு நாள் யோசித்திருப்பார் போல. அப்படி ஒரு உவமை.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றம், மிட்டாய்.

பதிவேட்டில் சகலை எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன், என் ரத்தம் கொதிக்கிற சத்தம் சந்ததிகளுக்கும் கேட்கட்டும்: ‘எண் 38. வாய்மை வளவன் என்பவர் நெறியாளர் குற்றாலிங்கத்தைப் பல்லி என்று எழுதியதை நீக்கும்படி ஆறு பேர் கேட்டுள்ளனர். நேற்று ஒரு கட்சித் தலைவரை ஓணான் என்றவரை விட்டுவைத்தோம். ஓணானுக்கு ஒரு நியாயம், பல்லிக்கு ஒரு நியாயம் இருக்க முடியாது. எனவே கருத்து நீடிக்கும்.’

எண்ணூற்று ஆறு விருப்பம்.

ஒரு மனிதன் தன்னைத் திட்டியதை வைத்தே பேர் வாங்குகிறான் என்றால், அவனை வேறு எதைக் கொண்டுதான் அடிப்பது?

ஜனவரி 28, புதன்

ஒன்பதாம் வார்டு கீழத்தெருவிலும் பக்கத்து நடுத்தெருவிலும் வாந்தி, வயிற்றுப்போக்கு. ஊரெல்லாம் இதே பேச்சு. பதினான்கு பேர் அரசு மருத்துவமனையில். பாதிப்பேர் பிள்ளைகள். குழாயில் சாக்கடை கலந்துவிட்டதாம்.

மத்தியானம் குழுவில் ஒரு படம் வந்தது. ஒரு பெண் தன் போனில் எழுதியதை அனுப்புவதற்கு முன் எடுத்து வைத்திருந்த படம். தேதி, ஜனவரி 24. இதுதான் அது:

‘ஒன்பதாம் வார்டு கீழத்தெருவுல நாலு நாளா குழாய்த் தண்ணி சாக்கடை வாடை அடிக்கி. பக்கத்துத் தெருக்காரங்க எல்லாரும் காய்ச்சிக் குடிங்க, பிள்ளைகளுக்குக் குடுக்காதீங்க. குடையோ செம்போ, ஓட்டுக் கேட்டு வாரவங்க எங்க தெருவுல ஒரு டம்ளர் குடிச்சிட்டுக் கேளுங்க. – வசந்தா.’

அதற்கு மேலே புதிதாக ஒரு வரி: ‘அரை மணி நேரத்துல தூக்கிட்டாங்க. ஏன்னு கேட்டேன், பதில் இல்ல. பதிவேட்டுலயும் இல்ல. இப்ப நடுத்தெருவுல போயி தண்ணி குடிச்ச எம்பொண்ணு ஆஸ்பத்திரில குளுக்கோஸ்ல கெடக்கா.’

எதுவும் எழுதத் தோன்றவில்லை. குக்கர் ரப்பரை மாற்றி வாங்கினேன். இந்தத் தடவை அளவு சரி.

மாலைக்குள் ஊர் முடிவு செய்துவிட்டது. பதிவேட்டில் யார் கையெழுத்து? குற்றாலிங்கம். ஒன்பதாம் வார்டு குடை வேட்பாளர் யார்? குற்றாலிங்கத்தின் அண்ணன். ‘அன்னைக்கு அண்ணன் கருத்தை நீக்கினதெல்லாம் நாடகம்.’ ‘தப்பை மறைக்கத்தான் பதிவேடு.’ ஐந்து நாளைக்கு முன் அவருக்கு வடை வைத்த கடைக்காரரும் எழுதியிருக்கிறார், ‘நானும் நம்பி ஏமாந்தேன்’ என்று.

நிர்வாகக் கணக்கு ஒன்றுதான். யார் நீக்கினார்கள் என்று எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லாது. இதையும் ஒரு தகவலாக மட்டும் பதிவு செய்கிறேன்.

நியாயமாகப் பார்த்தால் இன்று நான் தூங்கியிருக்க வேண்டும்.

ஜனவரி 29, வியாழன்

காலையில் உலகம்மாள் வந்தாள். காப்பி குடிக்கவில்லை. நின்றுகொண்டே பேசினாள்.

“அத்தான், வீட்டு கேட்டுல எவனோ ‘குடைக் கூலி’ன்னு எழுதி ஒட்டிட்டுப் போயிருக்கான். அவுக அதைக் கிழிக்கக்கூட இல்ல. டியூசனுக்கு வார பிள்ளைகள்ல நேத்து பாதிதான் வந்துது. அவுக நேத்துலருந்து சரியா சாப்புடல.”

“பதிவேட்டுல கையெழுத்துப் போட்டா அப்பிடித்தாம்மா வரும்.”

“தடுப்பூசி போட ஆஸ்பத்திரில எங்கூடத்தான அன்னைக்கு இருந்தாக! நான் சொன்னா பொண்டாட்டி சொல்லுதான்னுதான் சொல்லுவாக. நீங்க மூத்தவுக. ‘எங்க சகலை அதைச் செய்யல’ன்னு நீங்க ஒரு வார்த்தை எழுதுனா ஊரு கேக்கும் அத்தான்.”

“சனிக்கெழம ஜெபா கூட்டம் போட்டிருக்கா. விசாரணை முறைப்படி நடக்கட்டும்,” என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது. நீதிபதிகளின் குரல்.

அவள் போனபிறகு பிரமு என்னைப் பார்க்கவே இல்லை. வெண்டைக்காயை வெட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வெட்டும் தாயக்கட்டை உருட்டுகிற மாதிரி விழுந்தது.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். அவள் போனை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். “உங்க சகலை ஏதோ மாத்திப் படிக்கித வித்தை சொல்லிக் குடுத்தாகளாமே. உலகு சொன்னா. சும்மா ஒண்ணு படிக்கேன், நீங்க வைக்கவா தூக்கவான்னு சொல்லுங்க.”

“அந்த வித்தையெல்லாம் எனக்கு வேண்டாம்.”

“பயமா?”

இமயமலை மீது கல்லெறிகிறாள். “படி,” என்றேன்.

படித்தாள்: “‘ஓய்வு பெற்றும் அதிகாரம் தீராத பேர்வழி ஒருவர் நம்மிடையே இருக்கிறார். பேர் சொரிமுத்து.’”

நான் நிமிர்ந்தேன். “எவன் எழுதினான்?”

“பேரு சொல்லக் கூடாதுல்லா. கேளுங்க. ‘மாமனார் வீட்டுச் சுவரில் ஒட்டிக்கிடந்த பல்லி, நாற்காலி ஒன்று கிடைத்ததும் தன்னை முதலை என்று எண்ணிக்கொண்டது. நாற்காலியைப் பிடுங்கினால் மறுபடி சுவரில் ஏறி உச்சுக்கொட்டும். நியாயம் இவருக்குக் காது குடையும் குச்சி.’”

ஏழு கடலும் என் மண்டைக்குள் பொங்கின. பல்லி என்றதுமே எங்கேயோ இடித்தது. ஆனால் கோபம் முந்திக்கொண்டது. “தூக்கு! ஆளையே தூக்கு! எந்தப் பொறாமை பிடிச்ச பயவுள்ள எழுதினான் இதை? நேருக்கு நேர் ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லாத கோழைப்பய! எழுத்தைப் பாத்தாலே தெரியல? வயிறெரிச்சல், ஒவ்வொரு எழுத்தும் வயிறெரிச்சல்!”

“உவமை எப்பிடி?”

“உவமை நல்ல உவமைதான்,” என்றேன். எதற்காகச் சொன்னேன் என்று தெரியவில்லை.

பிரமு போனைத் திருப்பிக் காட்டினாள். அவள் மாற்றியது ஒரே ஒரு பேர். குற்றாலிங்கம் இருந்த இடத்தில் சொரிமுத்து.

“அந்த வளவன் கணக்க என் நம்பர்லதான தொறந்தீக,” என்றாள். “நாலு நாளா எம்போன் கெடந்து கத்துது. ‘வாய்மை வளவன், உங்களுக்கு ஏழு பேர் பதில் எழுதிருக்காங்க’ன்னு. நானும் இவுகளாச் சொல்லுவாகன்னு பாத்தேன்.”

அப்புறம் அடுப்படிக்குப் போகும்போது, திரும்பாமலே கேட்டாள்: “அந்தத் தண்ணிப் பொண்ணு எழுதுனது?”

நான் பேப்பரை எடுத்து விரித்தேன். அவளும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தால் அதுவே பதில்.

ஜனவரி 30, வெள்ளி

முருங்கைக்காய்ச் சாம்பார். வேறு விசேஷமில்லை.

ஜனவரி 31, சனி

இன்று நடந்தது மகா சபை. நகலகத்தில் பத்தாயிரம் பேர் கூடியிருந்தார்கள். கூரை ஓட்டில் தொங்கியவர்கள் தனி.

வசந்தா வந்திருந்தாள். நாற்பது வயதுகூட இருக்காது. பீடிக்கடைக்குக் கணக்கு எழுதுகிறாளாம். கையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில், கலங்கிய மஞ்சள் நிறம். அதை நகல் எந்திரத்தின் கண்ணாடி மேல் வைத்தாள். ‘எந்திரம் மேல வைக்காதீங்க’ என்றுகூட ஜெபா சொல்லவில்லை.

“மகளுக்கு எப்பிடி இருக்கு?” என்று ஜெபா கேட்டாள்.

“இன்னைக்கு இட்லி கேட்டா. நாளைக்கு விடுவாங்க போல.” பிறகு சகலையைப் பார்த்தாள். “சார், உங்ககிட்ட ஒண்ணுதான் கேக்கணும். நான் எழுதுனதுல என்ன தப்பு? அது அங்கன கெடந்திருந்தா நடுத்தெரு ஆளுக காய்ச்சியாவது குடிச்சிருப்பாங்க. அங்க ஆறு பிள்ளைக படுத்திருக்கு.”

“ஒரு தப்பும் இல்லம்மா,” என்றார் சகலை. எழுந்து நின்றுதான் சொன்னார். “எந்தக் கட்சியப் போட்டு மாத்திப் படிச்சாலும் அது தண்ணியப் பத்தின சேதிதான். அது போயிருக்கவே கூடாது.”

“அப்ப ஏன்வே தூக்குனீரு?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். டீக்கடைக்காரர்.

சகலை சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். பேனா கையிலேயே இருந்தது. “கணக்கு ஒண்ணுதான். அதை மூணு பேர் வச்சிருக்கோம். யாருன்னு நான் சொல்லப்போறது இல்ல. பேரப் பாத்து மார்க் போட வேண்டாம்னு சொன்னதே நாந்தான். எனக்குச் சங்கடம் வந்ததும் பேரச் சொல்லுங்கன்னு கேட்டா அது அழகு இல்ல. பதிவேட்டுல எங்கையெழுத்து இருக்கு. அதுல வராம ஒண்ணு போயிருக்குன்னா பதிவேடு பொய். நான் விலகிக்கிடுதேன். வசந்தாம்மா, மன்னிச்சிருங்க.”

இதோ, நான் கேட்டதெல்லாம் தட்டில் வைத்து வந்துவிட்டது. காலி நாற்காலி, சகலை இல்லாத நாற்காலி. பதிவேடும் அவரோடு போய்விடும். மூத்த நெறியாளர் சொரிமுத்து, மறுபடியும் தனிப்பெரும் தலைவர். ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். உட்கார்ந்திருந்தால் போதும்.

அந்த நேரத்திலும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? விலகுவதைக்கூட இந்த மனுஷன் எவ்வளவு அழகாக விலகுகிறான் என்றுதான். எனக்கு வராத அழகு. வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் தாங்காமல்தான் நடந்தது அடுத்தது. தர்மம், மனசாட்சி என்றெல்லாம் யாராவது கதை கட்டினால் நம்பவேண்டாம்.

நான் எழுந்தேன். மலை எழுந்த மாதிரி எழுந்தேன். மேல்துண்டை உதறித் தோளில் போட்டேன். பத்தாயிரம் பேரும் மூச்சை நிறுத்தினார்கள். இடி முழங்கும் குரலில் சொன்னேன்:

“அத நீக்குனது நான்.”

சபை அதிர்ந்தது. ஓடுகள் பறந்தன.

வசந்தா என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். தயாராகத்தான் இருந்தேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்: “என்னை எந்தக் கட்சின்னு நெனச்சீக?”

“கட்சியெல்லாம் நெனைக்கல தாயி. பதினொண்ணாவது ஆளுன்னு நெனச்சேன்.”

“பதினொண்ணாவதா?”

விளக்கிச் சொன்னேன். தனியார் வண்டி ஒன்று, அரசு வண்டி ஒன்று என்று தொடங்கி, குடையில் பதினொன்று, செம்பில் பத்து, நேரமாகிவிட்டது, குழம்பு, எல்லாம். சொல்லச்சொல்ல அது என் காதிலேயே சின்னதாகிக்கொண்டே போனது.

“பஸ்ஸு சரி,” என்றாள் வசந்தா. “அதுல ஆளு இருக்கான்னு பாத்து விசில் அடிக்க மாட்டீகளா?”

யாரும் சிரிக்கவில்லை. அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டாள். “இத ஆபீஸ்ல காட்டணும். நேரமாச்சு,” என்று போய்விட்டாள். மன்னித்தாளா இல்லையா என்று தெரியவில்லை. கேட்கிற தைரியம் மகா சபைக்கும் இல்லை, மலைக்கும் இல்லை.

ஜெபா தீர்ப்புச் சொன்னாள். கடவுச்சொல் மாறும். தேர்தல் முடியும்வரை நான் நெறியாளர் இல்லை. தேர்தல் முடிந்த பிறகும் இல்லை. என் கருத்து எதுவும் இனிமேல் யாராவது ஒருவர் பார்த்து அனுமதித்த பிறகுதான் வெளியாகும். அந்த ஒருவர், குற்றாலிங்கம்.

“வாய்மை வளவனுக்கும் இதே நியாயந்தான மாமா?” என்றாள். அவளுக்கு யார் சொன்னார்களோ! பிரமுவும் உலகுவும் அக்கா தங்கை என்பதை நான் அடிக்கடி மறந்துவிடுகிறேன்.

வெளியே வரும்போது டீக்கடைக்காரர் சகலையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கை பக்கத்திலேயேதான் இருந்தது.

பிப்ரவரி 1, ஞாயிறு

மூத்தவன் என்ற முறையில் காலையில் சகலை வீட்டுக்குப் போனேன். கேட்டில் ஒட்டிய காகிதம் பாதி கிழிந்து அப்படியே இருந்தது. மிச்சத்தை நகத்தால் சுரண்டினேன். பசை கெட்டியானது. ஒரு மணி நேரம் ஆயிற்று. சகலை வந்து பார்த்துவிட்டு, ஒரு பாத்திரத்தில் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினார். இரண்டு பேரும் சேர்ந்து சுரண்டினோம்.

“ஏன்வே எம்பேரச் சொல்லல?” என்றேன்.

“தெரியாதுல்லா அண்ணாச்சி.”

“தெரியாதா? ஜெபா செய்ய மாட்டா. நீரு செய்யல. மூணுல ரெண்டு போனா எத்தனன்னு வாத்தியாருக்குத் தெரியாதோ?”

“அது கணக்கு,” என்றார். “நான் அன்னைக்குக் கணக்குப் போடல.”

இந்த மனிதரை வைத்துக்கொண்டு ஒருவன் எப்படிப் பொறாமைப்படாமல் இருப்பது, சொல்லுங்கள். உலகு தோசை வார்த்துப்போட்டாள். அவர் தோசை என் தோசையைவிட முறுகலாக இருந்தது.

இந்த நோட்டைப் பிரமு நேற்றே படித்துவிட்டாள் என்று இன்று தெரிந்தது. ‘கூரைல தொங்குனவுகளையும் எண்ணுனீகளோ?’ என்று கேட்டாள். ஆகையால், கற்பூரம் அணைத்தவன் என்ற முறையில் கணக்கைத் திருத்திவிடுகிறேன்.

நகலகத்தில் கூடியது பத்தாயிரம் பேர் அல்ல. ஒன்பது பேர், நான் உட்பட. ஓடுகள் பறக்கவில்லை; அந்தக் கடைக்கு ஓடே கிடையாது, தகரம். மேல்துண்டு கொண்டுபோகவில்லை. மலை மாதிரி எழுந்ததும் பொய். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். இடி முழக்கமும் இல்லை. “சத்தமாச் சொல்லுங்க மாமா, கேக்கல” என்று ஜெபா இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை சொன்னபோதுதான் கேட்டது.

ஆனால் சொன்னேன். யாரும் கேட்காமல், நானாகச் சொன்னேன். அந்தச் சின்னத் துண்டு மட்டும் நிஜம்.